மதுரை ஐ.சி.யூ. வாசலில் ஒன்பது நாள்

கல்யாணத்துக்கென்று டிக்கெட் போட்டிருந்தேன். நான் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் சித்தி மகன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்ததாம். டொராண்டோவிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது அவன் கண் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனால் யாரையும் பார்க்கவில்லை. வீட்டில் எல்லோரும் 'கோமா' என்றார்கள். கண் திறந்துவிட்டால் அது கோமா இல்லை, அடுத்த கட்டம் என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

தனியார் மருத்துவமனை, பேர் வேண்டாம். மாலையில் பத்து நிமிடம், ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம். பில் கவுண்டர் மட்டும் ராத்திரியும் திறந்திருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்த அன்று ஒரு ஜூனியர் டாக்டர் லிஃப்டுக்குக் காத்து நின்றபடியே, "உள்ளே ஒயரிங் நிறைய அறுந்திருக்கு, பெரிசா எதிர்பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வார்த்தை எனக்கு உறுத்தியது. கனடாவில் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் லண்டன் என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன், முன்பு கேம்பிரிட்ஜில் இருந்தபோது, விபத்துக்குப் பின் எந்த அசைவும் காட்டாத 23 வயதுப் பெண்ணை, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். நல்லபடியாக இருப்பவர்களுக்கு மூளையில் எந்த இடம் வேலை செய்யுமோ, அதே இடம் அவளுக்கும் வேலை செய்தது. இது 2006இல் வெளியானது. 2024இல் வந்த பெரிய ஆய்வில், சொன்னதற்கு அசையாத 241 பேரில் 60 பேருக்கு அந்த மாதிரி ஸ்கேனிலோ, தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலோ பதில் தெரிந்தது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு: சொன்னதைக் கண்ணெதிரே செய்துகாட்டிய 112 பேரில்கூட 43 பேருக்குத்தான் அந்தச் சோதனையில் பதில் தெரிந்தது. ஸ்கேன் 'இல்லை' என்றால் ஆள் உள்ளே இல்லை என்று ஆகாது.

சரி, பெரிய டாக்டரைப் பார்க்க மூன்று நாள் நடந்தோம். பார்த்தபின் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் காயம் இல்லாததைக் காட்டினார். "இது எங்க அடிபட்டிருக்குன்னு சொல்லும். என்ன வேலை செய்யுதுன்னு சொல்லாது. டென்னிஸ் டெஸ்ட் இங்க கிடையாது, இ.இ.ஜி. பார்க்கலாம்" என்றார். இ.இ.ஜி.க்கும் மதிப்பு உண்டு. 2019இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஆய்வில், சொன்னதற்கு இ.இ.ஜி.யில் மட்டும் பதில் காட்டியவர்களில் 44 சதவீதம் பேர் ஓராண்டில் எட்டு மணி நேரமாவது தாமாக இருக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். பதில் காட்டாதவர்களில் 14 சதவீதம் பேர்தான். ஆனால் அதற்குக் கணினியில் தனியாக அலசும் ஏற்பாடு வேண்டும். இங்கே கிடைத்தது சாதாரண இ.இ.ஜி.தான்.

மறுநாள் பிசியோ சிஸ்டர் சித்தியிடம் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார். சித்தி கைப்பையிலிருந்து மூடி உடைந்த பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதன் கண்ணாடியைத் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். ஒன்றுமில்லை. மறுபடி. மூன்றாம் தடவை அவன் கருவிழி கண்ணாடியோடு கூடவே போய் ஓரத்தில் நின்றது. அடுத்தவர் முகத்தைவிட தன் முகத்தைத்தான் கண் முதலில் தேடுமாம். சிஸ்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். சாயந்திரமும் இன்னொரு தடவை வந்தது.

நான் கிளம்பிய அன்று சித்தியின் பவுடர் கண்ணாடி கேஸ் ஷீட் கிளிப்பில் மாட்டியிருந்தது. அதற்கு மட்டும் பில் போடவில்லை.