அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் 7, 9, 11ஆம் தொகுதிகள் வாங்கலாமா? ஒரு வக்கீல் குமாஸ்தாவோட ரிவ்யூ

நம்ம அரசியலமைப்ப எழுதின சபையில யாரு என்ன பேசினாங்கங்கறத அப்படியே அச்சடிச்ச புக்கு இது. போன மாசம் பழைய புக்கு விக்கிற ஒருத்தர்கிட்ட ஆன்லைன்ல சொல்லி வச்சு வாங்கினேன். இங்கிலீஷ்ல தான், 7, 9, 11ஆம் தொகுதிகள் இருக்கற மூணு புக்கு, கூரியரோட சேத்து 1,400 ரூபா. மொத்தம் 12 தொகுதி இருக்கு, முழு செட்டு வாங்கற அளவுக்கு நமக்கு வசதி இல்ல, அதனால ஆட்சி அதிகாரத்த பத்தியும் தனிமனுஷன் சுதந்திரத்த பத்தியும் அம்பேத்கர் அதிகமா பேசின இடம் எதுன்னு சீனியர்கிட்ட கேட்டு இந்த மூணை மட்டும் எடுத்தேன். பேக்கிங் சுமார் தான், ஒன்பதாவது தொகுதிக்கு முதுகு விட்டுப்போய் ஒரு கொத்து பக்கம் கையோட வந்துருச்சு, ஃபெவிகால் போட்டு ரெண்டு நாள் அம்மிக்கல்லு ஏத்தி வச்சேன், இப்ப பரவால்ல.

எதுக்கு வாங்கினேன்னு சொல்லிடறேன். 16 வருஷமா வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கிறேன், அதுல பாதி நாள் ஆட்கொணர்வு மனு தான், அதாவது குண்டாஸ் போட்டு உள்ள வச்சவங்களுக்கு ஹைகோர்ட்ல போடற மனு. போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, மஞ்சப்பைக்குள்ள டிடென்ஷன் ஆர்டர் கட்டு, ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ் எடுத்ததுல பாதி பக்கம் எழுத்தே தெரியல, ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்துல தூக்கி தூக்கி காமிச்சாங்க. கேஸே நடக்காம, ஜட்ஜ் தீர்ப்பே சொல்லாம ஒரு வருஷம் உள்ள வைக்கலாம்னு யாரு சார் சொன்னாங்கன்னு கேட்டாங்க. 1982ஆம் வருஷத்து 14ஆம் நம்பர் சட்டம்மான்னு சொன்னேன். அந்த சட்டத்துக்கு எடம் குடுத்தது யாருன்னு அவங்க கேக்கல, நான் தான் அன்னைக்கு ராத்திரி பூரா அத யோசிச்சுட்டு கெடந்தேன். எடம் குடுக்கறது அரசியலமைப்போட 22ஆவது ஷரத்து. அத சபையில கொண்டு வந்தது நான் வீட்ல படம் மாட்டி வச்சுருக்கற அம்பேத்கர்.

அதனால ஒன்பதாவது தொகுதிய தான் மொதல்ல பிரிச்சேன், வாங்கறவங்களுக்கும் அத மொதல்ல படிங்கன்னு தான் சொல்வேன். 1949 செப்டம்பர் 15 பக்கத்த எடுங்க. அதுக்கு முந்தின வருஷம் சபை ஒரு ஷரத்து நிறைவேத்துச்சு, சட்டம் சொல்ற நடைமுறைப்படி இல்லாம யாரோட உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாதுன்னு. கேக்க நல்லா தான் இருக்கும், ஆனா அந்த நடைமுறை நியாயமா இருக்கணும்னு அதுல எங்கயும் இல்ல, சட்டசபை என்ன எழுதுதோ அதான் நடைமுறை. இந்த அளவுக்கு வெளிய மக்கள்கிட்ட திட்டு வாங்கின ஷரத்து வேற இல்லன்னு அம்பேத்கரே எந்திரிச்சு சொல்றாரு, எங்கள்ல நெறைய பேருக்கே இதுல திருப்தி இல்லன்னும் சொல்றாரு, அன்னைக்கு செஞ்சதுக்கு ஈடா இப்ப இத கொண்டு வரேன்னு 15ஏ-ன்னு ஒண்ண வைக்கிறாரு, அதான் இப்ப 22. கைது பண்ணா காரணம் சொல்லணும், வக்கீல் வச்சுக்க விடணும், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். இது வரைக்கும் படிக்கறப்போ கண்ணு கலங்குது. அடுத்தாப்லயே தடுப்புக் காவல்ல இருக்கறவனுக்கு இதெல்லாம் கிடையாது, மூணு மாசத்துக்கு மேல வைக்கணும்னா ஒரு ஆலோசனை போர்டு பாக்கட்டும்னு வருது. தனிமனுஷன் சுதந்திரத்த நாட்டோட நலனுக்கு மேல வைக்க முடியாதுங்கற வாதமும் அவரு வாயிலிருந்தே வருது.

சபையில அத விட்டுடல, அது தான் இந்த புக்கோட அருமை. லாகூர் ஹைகோர்ட்ல ஜட்ஜா இருந்த பக்ஷி தேக் சந்த் எந்திரிச்சு, இது அடிப்படை உரிமையே இல்ல, விசாரணை இல்லாம ஆள பிடிச்சு வைக்க சட்டசபைகளுக்கு நாம எழுதிக் குடுக்கற சாசனம்னு போட்டு ஒடைக்கிறாரு. நான் பதினாறு வருஷமா அடிச்ச அத்தனை மனுவும் அந்த ஒரு பேச்சுக்குள்ள இருந்துச்சு. அடுத்த வருஷமே, 1950 மே மாசம், தடுப்புக் காவல்ல இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சட்டம் சொல்ற நடைமுறை போதும்னு சொல்லிருச்சு, எதிர்மனுதாரர் யாருன்னா நம்ம மெட்ராஸ் மாநில அரசாங்கம். நடைமுறைன்னா அது நியாயமாவும் இருக்கணும்னு கோர்ட் சொல்ல 1978 மேனகா காந்தி கேஸ் வரைக்கும் ஆச்சு.

இதே தொகுதியில அவசர நிலை, மாநில ஆட்சிய கலைக்கறது எல்லாம் ஆகஸ்ட் மாசத்து பக்கங்கள்ல வருது. இந்த ஷரத்து செத்த எழுத்தாவே கெடக்கும்னு நம்பறேன்னு அம்பேத்கர் சொன்னது இப்ப 356னு இருக்கறத பத்தி தான். நம்ம ஊர்லயே 1976, 1980, 1988, 1991னு நாலு தடவ அந்த எழுத்து உசுரோட வந்துச்சு. படிச்சதும் புக்க மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் வாசல்ல போய் உக்காந்துட்டேன்.

அப்ப அவரு மேல கோவமான்னா இல்ல, ஏழாவது தொகுதி படிச்சா புரியும். 1948 டிசம்பர் 13ல முடிஞ்சது, அந்த 'நியாயமான நடைமுறை' வேணுமா வேணாமான்னு விவாதம். சபை உறுப்பினர்கள்ல நம்ம மெட்ராஸ் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் வேணாங்கற கட்சி, கே.எம். முன்ஷி வேணுங்கற கட்சி. அம்பேத்கர் என்ன சொல்றாருன்னா, கட்சிக்காரங்களா நெறஞ்சு கெடக்கற சட்டசபை அடிப்படை உரிமைய மிதிக்கிற சட்டம் போடாதுன்னு நம்ப முடியாது, அதே நேரம் அஞ்சாறு ஜட்ஜுங்க உக்காந்து அவங்கவங்க மனசாட்சிக்கும் சாய்வுக்கும் தக்கன எது நல்ல சட்டம்னு தீர்மானிக்கறதும் பயமா இருக்கு, ரெண்டு பக்கமும் ஆபத்து, சபையே முடிவு பண்ணிக்கட்டும். எனக்கு தெரியலன்னு நாடே பாக்கற எடத்துல ஒத்துக்கற தலைவர நான் இதுக்கு முன்னாடி படிச்சதில்ல.

அதுக்கு நாலு நாள் முன்னாடி, டிசம்பர் 9, இப்ப 32ஆ இருக்கற ஷரத்து. இது இல்லன்னா அரசியலமைப்பே இல்ல, இதான் உசுரு, இதான் இருதயம்னு சொன்ன பேச்சு. அந்த வரிய எல்லாரும் கேட்டுருப்போம், காரணத்த யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. இந்த ரிட் எல்லாம், அதாவது ஆட்கொணர்வு மாதிரி உரிமைய காப்பாத்த கோர்ட் போடற உத்தரவெல்லாம், ஏற்கனவே சட்டத்துல இருந்தது தான், ஆனா சட்டசபை நெனச்சா பிடுங்கிடலாம், இப்ப அரசியலமைப்புக்குள்ளயே வச்சாச்சு, அவ்வளவு லேசுல கை வைக்க முடியாதுங்கறாரு. 22ல ஒரு கதவ தொறந்து விட்டவரு, அதுக்கு எதிர்லயே தட்டறதுக்கு இன்னொரு கதவையும் வச்சுருக்காரு. அந்த அம்மா மஞ்சப்பையோட எங்க ஆபீஸ் படி ஏறினது அந்த மாதிரி கதவு இருக்குங்கற நம்பிக்கையில தானே.

இதே ஏழாவதுல 1948 நவம்பர் 4 அம்பேத்கர் பேச்சையும் விட்டுறாதீங்க. கிராமத்த விட்டுட்டு தனிமனுஷன அலகா எடுத்துக்கிட்டதுல எனக்கு சந்தோஷம்னு சொல்லி, கிராமம்ங்கறது அறியாமையும் குறுகின புத்தியும் அடஞ்சு கெடக்கற எடம்னு அடிச்சுப் பேசறாரு. எங்க அப்பா ஊர் டீக்கடையில கூரைக்கு கீழ தனியா சொருகி வச்ச கிளாஸ எடுத்து, குடிச்சுட்டு தானே கழுவி, திரும்ப சொருகிட்டு வந்தவரு. அவருகிட்ட சுதந்திரம்னா சர்க்கார் தலையிடாம இருக்கறதுன்னு மட்டும் சொன்னா அவருக்கு என்ன பிரயோஜனம்? அந்த தனி கிளாஸ ஒழிக்க சர்க்காருக்கு பலம் வேணும், அதே பலம் நாளைக்கு அவரு மகன ஒரு வருஷம் உள்ள வைக்கவும் செய்யும். அம்பேத்கர் பட்ட கஷ்டம் இது தான்னு எனக்கு இந்த மூணு புக்கையும் சேத்து படிச்சப்புறம் தான் பிடிபட்டுச்சு, தனித்தனி மேற்கோளா படிச்சப்ப பிடிபடல.

பதினொன்னாவதுல 1949 நவம்பர் 25 பேச்சு, நெறைய எடத்துல தனியாவும் கெடைக்கும், அதுக்காக மட்டும் இந்த தொகுதி வாங்கணும்னு இல்ல. எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் அவன் காலடியில நம்ம சுதந்திரத்த கொண்டு போய் வைக்காதீங்க, மதத்துல பக்தி ஆன்மாவுக்கு வழியா இருக்கலாம், அரசியல்ல பக்தி கடைசில சர்வாதிகாரத்துல தான் கொண்டு போய் விடும்னு சொன்ன எடத்துக்கு பென்சில் கோடு போட்டேன். எங்க வீட்டு படத்துக்கு மாலை போடறத நிறுத்தல, ஆனா 22ஆவது ஷரத்துல அவரு செஞ்சது தப்புன்னு சொல்ல இப்ப எனக்கு தயக்கம் இல்ல, அப்படி சொல்ல அவரே இடம் குடுத்துருக்காரு.

குறைன்னு பாத்தா, எழுத்து பொடிசு, ராத்திரி டியூப்லைட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல முடியாது. இங்கிலீஷ் கொஞ்சம் பழைய காலத்து நடை, டிக்‌ஷனரி பக்கத்துல வேணும். முக்கியமா ஷரத்து நம்பர்: விவாதத்துல வர்றது வரைவு நம்பர், இப்ப நாம சொல்றது வேற. 15னு வந்தா இப்ப 21, 15ஏ இப்ப 22, 25 இப்ப 32, 278 இப்ப 356. இது தெரியாம மொத வாரம் முழுக்க தப்பு தப்பா தேடினேன், அட்டைக்கு உள்பக்கம் எழுதி ஒட்டி வச்சுக்கோங்க. இணையத்துல இலவசமாவே படிக்கலாம், காசு இல்லாதவங்க அங்க படிங்க, ஆனா முன்னாடி ரெண்டு பக்கம் பின்னாடி ரெண்டு பக்கம் திருப்பி யாரு யாருக்கு பதில் சொல்றாங்கன்னு பாக்க புக்கு தான் தோது.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அந்த அரை பொடி எழுத்துக்காக. ஒன்பதாவது தொகுதி இப்ப எங்க ஜூனியர்கிட்ட இருக்கு, திங்கக்கிழமை வர்ற ஒரு ஆட்கொணர்வு மனுவுக்கு தேக் சந்த் பேச்ச ஜெராக்ஸ் எடுக்கணும்னு வாங்கிட்டு போயிருக்கான், முதுகு ஒட்டினத பாத்து பிரிடான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.