ஸ்டாரோசெலா, கோல்யாமா கோஸ்மாட்காவா? திரேசிய மன்னர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

பல்கேரியாவில் திரேசிய மன்னர்களின் (பண்டைக் காலத்தில் அந்தப் பகுதியில் வாழ்ந்த திரேசியர் என்ற மக்களின் அரசர்கள்) கல்லறைகள் என்றாலே எல்லோரும் முதலில் கசன்லாக்கைத்தான் சொல்வார்கள். 1944-ல் கண்டுபிடித்தது, 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, சுவரோவியங்களுக்குப் பேர்போனது. ஆனால் பெரும்பாலானோர் பார்ப்பது பக்கத்தில் கட்டிய பிரதியைத்தான். அசல் கல்லறைக்குள் நுழைய ஆசைப்படுபவருக்கு, ஸ்டாரோசெல், கோல்யாமா கோஸ்மாட்கா என்ற இரண்டு கல்லறைகளில் ஒன்றைச் சொல்வேன். 2000-லும் 2004-லும் இவற்றை அகழ்ந்து வெளிக்கொண்டு வந்தவர் ஒரே தொல்லியலாளர், கியோர்கி கிடோவ்.

கட்டடம் என்று பார்த்தால் ஸ்டாரோசெல்தான். கல்லறையை மூடியிருக்கும் செத்தின்யோவா என்ற மண்மேட்டை வளைத்துச் சுமார் 240 மீட்டருக்குச் செதுக்கிய கற்சுவர். படியேறினால் நடை, முன்னறை, அப்புறம் வட்ட அறை. அதன் சுவரையொட்டி பத்து அரைத்தூண்கள். கூட்டமாக வந்து வழிபடுவதற்கென்றே எழுப்பியது போன்ற மிடுக்கு அதற்கு உண்டு. குறை ஒன்றுதான்: யாருக்காகக் கட்டியது என்பது முடிவாகவில்லை. கிடோவ் சிடால்கெஸ் மன்னன் என்றார். இரண்டாம் அமடோகஸ் என்போரும் உண்டு.

கோஸ்மாட்காவில் அந்தக் குழப்பமே இல்லை. தலைக்கவசத்திலும் வெள்ளிக் குடத்திலும் செவுதெஸ் என்று பெயரே பொறித்திருக்கிறது. செவுதோபோலிஸ் நகரை நிறுவிய மூன்றாம் செவுதெஸ்தான். 13 மீட்டர் நடையைத் தாண்டினால் குதிரையின் எலும்புக்கூடு கிடந்த முன்னறை, பளிங்குக் கதவு, வட்ட அறை, கடைசியில் 60 டன்னுக்கு மேற்பட்ட ஒற்றைக் கல்லைக் குடைந்த உள்ளறை. கல்லறையின் முகப்புக்கு வெளியே புதைத்துவைத்த வெண்கலத் தலையைப் பாருங்கள்: அலபாஸ்டர் என்ற வெண்கல்லும் கண்ணாடிப் பசையும் கொண்டு செய்த கண்கள், செம்புத் தகட்டில் வெட்டிய இமைமயிர். அடர்ந்த தாடி, உற்றுப் பார்க்கும் பார்வை. ஒரு தனி மனிதனின் முகம் அது. 2,300 ஆண்டுக்கு முந்தைய அரசன் ஒருவனை இவ்வளவு நெருக்கத்தில் காண்பது எனக்குப் பெரிய விஷயம்.

நாட்டின் வடகிழக்கே ஸ்வெஷ்டாரி என்ற திரேசியக் கல்லறையும் இருக்கிறது. பத்துப் பெண் சிலைகள் தாங்கும் அந்த அறை அழகுதான், ஆனால் இந்த இரண்டோடும் ஒரே நாளில் சேராது.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு கோஸ்மாட்காவுக்கு. ஷிப்கா என்ற ஊருக்கு அருகே இருப்பதால் கசன்லாக்கோடு சேர்த்தே முடிக்கலாம். பிளோவ்திவில் தங்குபவர்களுக்கு மட்டும் ஸ்டாரோசெல் வசதி. வெண்கலத் தலை சோபியாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லறையைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு அங்கே போங்கள்.