சித்தூரா, பொள்ளாச்சியா? எல்லைப்புறப் பிள்ளைகளின் கல்லூரி வாழ்க்கை

பிளஸ் டூ முடிவுகள் வந்தவுடன், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். பிள்ளையை மேற்கே சித்தூருக்கோ பாலக்காட்டுக்கோ அனுப்புவதா, கிழக்கே பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ அனுப்புவதா என்பதே அது. கட்டணம், பாடப்பிரிவு, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றையும் அலசி முடிவெடுத்துவிடுகிறோம். வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் எப்படி வாழப் போகிறார்கள், யாரோடு பழகப் போகிறார்கள், எதைத் தாமே நடத்தக் கற்றுக்கொள்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் மகள் இந்தப் பக்கத்தில் உதவிபெறும் சிறிய கல்லூரி ஒன்றிலும், என் அண்ணன் மகன் அந்தப் பக்கத்தில் தனியார் கல்லூரி ஒன்றிலும் படித்தார்கள். இருவரையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், பெரிய வேறுபாடு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

தமிழ் படிக்க வேண்டுமென்றால் எல்லை தாண்டியே ஆகவேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அது சரியல்ல. சோகநாசினி ஆற்றங்கரையிலுள்ள சித்தூர் அரசுக் கல்லூரி, சித்தூர் கொச்சி அரசின் கீழ் இருந்த 1947ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அங்கே தமிழில் பட்டம் படிக்கலாம். பொள்ளாச்சியின் நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி, மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட மறு ஆண்டான 1957இல் வந்தது. எனவே தமிழ் இரு பக்கமும் உண்டு; மாறுவது வளாகத்தின் பழக்கவழக்கம்.

அந்தப் பழக்கவழக்கத்தின் நடுநாயகம் மாணவர் யூனியன். கேரளத்துக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் தேர்தல் நடக்கிறது. சேர்மன், மேகசின் எடிட்டர், ஆர்ட்ஸ் செக்ரட்டரி என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் வாக்குக் கேட்டு வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குகிறார்கள். என் மகள் முதலாண்டிலேயே வகுப்புப் பிரதிநிதியாக நின்றாள். தேர்தலுக்கு முந்தின இரவு, தான் பேசவேண்டிய மலையாளப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, 'ழ'வும் 'ற்ற'வும் மலையாளத்தில் எப்படி ஒலிக்கவேண்டும் என்று தோழியிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். நான்கே வாக்குகளில் தோற்றாள். ஆனாலும், நாற்பது பேர் முன்னால் தனக்குப் பழகாத மொழியில் மூன்று நிமிடம் பேசிவிட்டு இறங்கிய அந்தப் பெண், அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் தயங்கி நின்றதில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. எஸ்.எஃப்.ஐ., கே.எஸ்.யூ., ஏ.பி.வி.பி. என்னும் மாணவர் அமைப்புகள் வழியே கட்சிகளின் நிழல் வளாகத்தில் நீளமாகவே விழுகிறது. மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைப்படி 2006இல் உச்சநீதிமன்றம் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய் என்றும், 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும் என்றும் கட்டுப்பாடுகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கொடி கட்டுவதில் வரும் கைகலப்பைச் செலவு வரம்பு தடுத்துவிடாது. சமரம், அதாவது வேலைநிறுத்தம், என்று காலையில் கூச்சல் எழுந்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை. இப்படிப் போன நாட்களுக்காக என் மகளின் செமஸ்டர் பாடங்கள் கடைசி வாரங்களில் அவசர அவசரமாக ஓட்டப்பட்டன.

கிழக்கே இந்தத் தொல்லை இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் தேர்தல் கிடையாது. துறைதோறும் மன்றம் உண்டு. அதன் செயலாளரை ஆசிரியர்களே நியமிக்கிறார்கள். அண்ணன் மகனின் கல்லூரியில் நடந்த மன்றத் தொடக்க விழாவுக்குப் போயிருந்தேன். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் குறித்த நிமிடத்தில் நடந்தன. மாணவர்கள் சீராக உட்கார்ந்து கைதட்டினார்கள். ஆனால் மேடையில் எதை வைப்பது, யாரை அழைப்பது என்பதில் அவர்களுக்குப் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவனைக் கேட்டபோது, "சித்தப்பா, நாங்க சேர் போட்டோம்" என்றான். வருகைப்பதிவு, நேரம், பயிற்சி வகுப்புகள் ஆகியவற்றில் அந்தக் கல்லூரி காட்டிய ஒழுங்கு உண்மையானது. அதன் பலனாக அவன் படிப்பு முடியுமுன் வேலை பெற்றான். அதைச் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

மொழி விஷயத்தில் கிழக்கே நம் பிள்ளை வீட்டில் இருப்பதுபோல இருக்கிறான். மேற்கே அவன் சிறுபான்மை. மகள் படித்த கல்லூரியில் உதவித்தொகை அறிவிப்பு மலையாளத்தில் மட்டும் ஒட்டப்பட்டதால், தமிழ் வழியில் படித்து வந்த ஐந்தாறு பேர் கடைசித் தேதியைத் தவறவிட்டார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அதே கல்லூரியின் ஆண்டு மலரில் மலையாளம், ஆங்கிலம், இந்தியோடு தமிழுக்கும் பக்கங்கள் கேட்டு வாங்கியவர்கள் அந்தப் பிள்ளைகளே. முதலில் கிடைத்தவை இரண்டு பக்கங்கள், மறு ஆண்டு ஆறு. ஓணத்துக்குப் பூக்களம் என்னும் பூக்கோலம் போடும்போது செண்டுமல்லியை மலிவாக வாங்கிவரும் பொறுப்பு எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கே வந்து சேரும்; பூ உதிர்த்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்த இரவில்தான் பாதி மலையாளம் கற்றதாக மகள் சொல்வாள். கொங்கு நாட்டிலிருந்து வந்த கொங்கன் படையை வென்றதைக் கொண்டாடும் சித்தூர்த் திருவிழாவுக்குக் கொங்குத் தமிழ் பேசும் இந்தப் பிள்ளைகளும் தோழர்களோடு கூட்டமாகப் போய்வருகிறார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்டம் இரு பக்கமும் ஒன்றுதான்: இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். செலவுக் கணக்கில் ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஆனால் அவை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலோ படித்து வந்தவர்களுக்கானவை. கேரளத்துத் தமிழ் வழிப் பள்ளியில் படித்த நம் பிள்ளை பொள்ளாச்சியில் சேர்ந்தாலும் அந்தப் பணத்தை எதிர்பார்க்க முடியாது. கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டம் நடைமுறைக்கு வந்திருந்தாலும், விரும்பினால் மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறலாம்.

என்னைக் கேட்டால், கூச்சம் மிகுந்த, ஆனால் உள்ளுக்குள் சொல்ல ஏதோ வைத்திருக்கும் பிள்ளையைச் சிறிய கல்லூரிக்கு, மேற்கே அனுப்பச் சொல்வேன். குடும்பத்துக்கு உடனே ஒரு சம்பளம் தேவைப்படுகிற பிள்ளைக்குக் கிழக்கே உள்ள ஒழுங்கு உதவும். மேற்கே அனுப்புவோர், பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும் வரையுள்ள விடுமுறையில் பிள்ளைக்கு மலையாள எழுத்துகளைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். என் மகள் தினமும் பேருந்துப் பலகைகளைப் படித்துப் படித்தே ஒரு மாதத்தில் எழுத்துக்கூட்டக் கற்றாள். அந்தப் பலகைகளில் அவள் முதலில் பிழையில்லாமல் வாசித்த பெயர், எல்லையோர ஊரான வேலந்தாவளம்.