நிலுவை பூஜ்யம் என்ற கடிதமும் 18,500 டாலர் கேட்கும் கடிதமும்

அமெரிக்கக் கல்லூரிகளில் இடம் கிடைத்த பிள்ளையின் வீட்டுக்கு இரண்டு நிதியுதவிக் கடிதங்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் கணக்கை விளக்க நான் அமைத்துக்கொண்டவை, விதிகள் உண்மையானவை. தனியார் கல்லூரியின் கடிதம் ஆண்டின் முழுச் செலவு 84,000 டாலர் என்கிறது. அதன் கீழே மானியம் 56,000, மாணவர் பெயரில் கூட்டரசுக் கடன் 5,500, வளாக வேலை வழியே 2,500, பேரண்ட் ப்ளஸ் என்னும் பெற்றோர் கடன் 20,000 என்று வரிசையாக எழுதி, நிலுவை பூஜ்யம் என்று முடிக்கிறது. சொந்த மாநிலத்தின் பல்கலைக்கழகமோ செலவு 34,000, உதவித்தொகை 10,000, மாணவர் கடன் 5,500 என்று காட்டிவிட்டு, எஞ்சிய 18,500 டாலரைக் குடும்பம் செலுத்த வேண்டும் என்கிறது.

முதல் கடிதத்தைப் படித்ததும் மனம் நிம்மதியடைகிறது, இரண்டாவது அச்சுறுத்துகிறது. உண்மை நேர்மாறானது. திருப்பித் தர வேண்டாத பணத்தை மட்டும் முழுச் செலவிலிருந்து கழித்தால் கிடைப்பதே நிகரச் செலவு. அப்படிப் பார்த்தால் தனியார் கல்லூரிக்கு 28,000 டாலர், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 24,000 டாலர். கடன் என்பது செலவைக் குறைப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. அதையும் உதவி என்ற தலைப்பின் கீழே சேர்த்து எழுதுவது குடும்பங்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன். இது அரிதாக நடப்பதும் அன்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 91 விழுக்காடு கல்லூரிகள் தங்கள் கடிதங்களில் நிகரச் செலவைச் சொல்வதே இல்லை அல்லது குறைத்துச் சொல்கின்றன என்று மதிப்பிட்டது.

இனி அந்தப் பூஜ்யத்தைப் பிரித்துப் பார்க்கலாம். வளாக வேலைக்கான 2,500 டாலர் கட்டணத்தில் தானாகக் கழிக்கப்படுவதில்லை. மாணவர் வேலை செய்யச் செய்யச் சம்பளமாக வருவது அது. பேரண்ட் ப்ளஸ் கடனில், 2025-26 கணக்குப்படி, 4.228 விழுக்காடு கட்டணம் முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. 20,000 டாலர் கடன் வாங்கினால் கல்லூரிக்குப் போய்ச் சேர்வது 19,154 டாலர்தான். இதைவிடப் பெரிய சிக்கல் நான்காம் ஆண்டில் காத்திருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தத்தில் 65,000 டாலர் என்று 2025ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வகுத்துள்ளது. மூன்று ஆண்டுகளில் 60,000 தீர்ந்துவிட்டால் கடைசி ஆண்டுக்கு மிஞ்சுவது 5,000 மட்டுமே. பட்டத்துக்கு இன்னும் ஓர் ஆண்டே இருக்கும் நிலையில் தனியார் வங்கிக் கடனைத் தேடி ஓட வேண்டிவரும். அதற்குப் பெரும்பாலும் பெற்றோரே இணைக் கையொப்பமிட நேரும்.

மாணவர் கடன் இரண்டு கடிதங்களிலும் ஒன்றே என்பதால் ஒப்பீட்டில் அதற்கு வேலையில்லை. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500 என்பது வரம்பு. நான்கு ஆண்டுகளில் 27,000 டாலர். 2025-26இன் 6.39 விழுக்காட்டு வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 305 டாலர். வேலைக்குச் சேரும் இளைஞர் சுமக்கக்கூடிய பாரம் அது. பெற்றோர் கடனின் வட்டியோ 8.94 விழுக்காடு, 65,000 டாலரை அதே பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் 820 டாலர் வேண்டும், படிப்புக் காலத்தில் ஏறும் வட்டி தனி. அந்தக் கடன் பிள்ளையின் பெயருக்கு மாறாது. ஓய்வுக்காலச் சேமிப்பை வளர்க்க வேண்டிய வயதில் பெற்றோரின் தலையிலேயே நிற்கும்.

ஆண்டுக்கு 4,000 டாலர் வேறுபாடுதானே, நல்ல கல்லூரிக்காகத் தரலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அந்த 4,000 அப்படியே நிற்பதில்லை என்பதுதான் பலரும் கவனிக்கத் தவறுவது. மானியம் டாலர் தொகையாக நிலைத்திருக்க, செலவு மட்டும் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், 84,000இன் 4 விழுக்காடும் 34,000இன் 4 விழுக்காடும் ஒன்றல்ல. நான்காம் ஆண்டில் தனியார் கல்லூரியின் நிகரச் செலவு 38,500 டாலரை நெருங்கும், மாநிலப் பல்கலைக்கழகத்தினது 28,250 அளவில் நிற்கும். நான்கு ஆண்டுகளையும் கூட்டினால் 1,32,700 எதிர் 1,04,400. இடைவெளி 28,000 டாலரைத் தாண்டுகிறது. ஆகவே மானியம் செலவோடு சேர்ந்து உயருமா என்பதைக் கல்லூரியிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

மானியத்தின் நிபந்தனைகளும் வேறுவேறு. மாநிலப் பல்கலைக்கழகம் தருவது மதிப்பெண் சார்ந்த உதவித்தொகை என்றால், குறிப்பிட்ட சராசரிக்குக் கீழே இறங்கிய பருவத்தில் அது நின்றுபோகலாம். தனியார் கல்லூரியின் தேவை சார்ந்த மானியம் ஆண்டுதோறும் குடும்ப வருமானத்தை வைத்து மீண்டும் கணக்கிடப்படும். அந்தக் கணக்கில் சொந்த வீடு சேருமா என்பது படிவத்தைப் பொறுத்தது. கூட்டரசின் நிதியுதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவம் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்பதில்லை. பல தனியார் கல்லூரிகள் தங்கள் மானியத்துக்காகக் கூடுதலாக நிரப்பச் சொல்லும் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்னும் விண்ணப்பம் அதைக் கேட்கிறது.

தனியார் கல்லூரியே சரியான தேர்வாகும் இடங்களும் உண்டு. பெரும் அறக்கட்டளை நிதி உள்ள சில கல்லூரிகளில், குறைந்த வருமானக் குடும்பத்தின் நிகரச் செலவு மாநிலப் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவாக அமையும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001லேயே தன் உதவித் தொகுப்பிலிருந்து கடனை நீக்கி அதற்கு ஈடாக மானியம் தரத் தொடங்கியது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பு ஐந்தாம் ஆண்டுக்கு நீண்டால், உதவித்தொகை இல்லாத அந்த ஓராண்டே 39,000 டாலருக்கு மேல் விழுங்கி, நான்கு ஆண்டு மிச்சத்தைக் கரைத்துவிடும். நான்கு ஆண்டுகளில் பட்டம் பெறுவோர் எத்தனை விழுக்காடு என்பதை அரசின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் பார்த்த பிறகே இந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நான் சாய்வேன்.

அந்த விழுக்காடு நம்பிக்கை தருவதாக இருந்தால், இந்தக் குடும்பத்துக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தையே சொல்வேன். பிள்ளையின் மனம் தனியார் கல்லூரியில்தான் இருக்கிறது என்றால், மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தை இணைத்து, வருமானம் குறைந்ததோ மருத்துவச் செலவோ இருந்தால் அதற்கான ஆவணத்தோடு, நிதியுதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். கேட்க வேண்டியது கூடுதல் கடனை அன்று, ஆண்டுக்கு 7,100 டாலர் அளவிலான கூடுதல் மானியத்தை. அது கிடைத்தால்தான் நான்கு ஆண்டுக் கணக்கில் இரண்டு கல்லூரிகளும் சமமாகின்றன.