பிக்சர் டியூபை எடைக்குப் போடாதீர்கள்: வேலூர் சைதாப்பேட்டை டிவி மெக்கானிக் பாய் கடை

பழைய பிக்சர் டியூப் டிவியோ வீடியோ கேம் மெஷினோ வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருக்கும் வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கடையைத் தைரியமாகச் சொல்வேன். சைதாப்பேட்டையில் இருக்கிறது. சென்னை சைதாப்பேட்டை இல்லை, நம்ம வேலூர் சைதாப்பேட்டை. லாங் பஜாரிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம், அப்புறம் ஒரு சந்து. பெயர்ப் பலகை கிடையாது, பக்கத்து டீக்கடையில் டிவி ரிப்பேர் பாய் கடை என்று கேட்டால் கை காட்டுவார்கள். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம்தான், மீதி எல்லாம் டிவி போர்டுகள்.

நான் கொண்டுபோனது டிவி இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் மூடிப்போன ஒரு வீடியோ கேம் கடையிலிருந்து வாங்கிய மெஷின், நின்றுகொண்டு ஆடும் பெரிய பெட்டி, காயின் போடுகிற வகை. உள்ளே இருப்பது முஸ்தபா கேம், அதாவது கேப்காம் 1993-ல் வெளியிட்ட கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பெட்டியின் அடிப்பலகை தண்ணீர் குடித்து உப்பி, ஒரு மூலையில் கரையான் ஏறி, பட்டன்கள் பாதி உடைந்து கிடந்தன. படம் வந்தது, ஆனால் மேல்பக்கம் மடிந்து, கீழ்ப்பக்கம் நாலு விரல் அளவுக்குக் கறுப்புப் பட்டை விழுந்து, போட்டு அரை மணி நேரம் ஆனால் சிவப்பு ஏறிக்கொண்டே போகும்.

முதலில் போனில் விசாரித்த சென்னைக் கடையில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். டியூபைக் கழற்றி எடைக்குப் போடுங்கள், எல்இடி மானிட்டர் மாட்டி, ஆயிரக்கணக்கில் கேம் ஏற்றிய சின்ன போர்டு ஒன்று வைத்துத் தருகிறோம், புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார்கள். நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள், டியூப் உடைந்தே போயிருந்தால் வேறு வழியும் இல்லை. ஆனால் வேலை செய்கிற டியூபை எடுத்துவிட்டு எல்இடி மாட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் பழசின் மேல் இருக்கும் பாசம் மட்டும் இல்லை.

இந்த கேமின் படம் குறுக்கே 384 புள்ளி, மேலிருந்து கீழே 224 கோடு, அவ்வளவுதான். 768 வரிசை உள்ள எல்இடியில் அதை முழு உயரத்துக்கு இழுத்தால் ஒரு கோட்டுக்கு மூன்றரை வரிசைகூட முழுசாக வராது. அதனால் ஒரு கோடு மூன்று வரிசை தடிமனாகவும் அடுத்தது நான்கு வரிசை தடிமனாகவும் விழும், இல்லையென்றால் மானிட்டரே அதைக் குழைத்து மழுப்பிவிடும். ஆட்டத்தில் தெரு நகரும்போது சுவரும் கம்பியும் நெளிவது இதனால்தான். போதாததற்கு, வரும் படத்தை எல்இடி உள்ளே வாங்கி, பெரிதாக்கி, அப்புறம்தான் காட்டும், பட்டனைத் தட்டியதற்கும் அடி விழுவதற்கும் நடுவில் ஒரு இழுவை வந்துவிடுகிறது. டியூபில் அந்தப் பேச்சே இல்லை. போர்டிலிருந்து சிக்னல் வர வர அந்தக் கணமே கோடு கோடாகத் திரையில் வரைந்துகொண்டே போகும். அந்தப் படங்களை வரைந்தவர்களும் இப்படி ஒரு திரையை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பிளாக் அண்ட் ஒயிட் காலத்திலிருந்து இதே வேலை. மானிட்டரை மேஜையில் வைத்ததும் அவர் முதலில் செய்தது, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரில் ஒயரைக் கட்டி, அதன் மறுமுனையை டியூபைச் சுற்றியிருக்கும் எர்த் பின்னலில் மாட்டி, முனையை மெதுவாக, டியூபில் ஹை வோல்டேஜ் ஒயர் சேரும் இடத்தை மூடியிருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் நுழைத்ததுதான். டப் என்று ஒரு சத்தம். மெஷினை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது, அப்படியும் உள்ளே கரண்ட் நின்றிருக்கிறது. கலர் டியூபில் அந்த இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்ய நினைப்பவர்கள் இந்த ஒரு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அப்புறம் டியூபின் கழுத்தில் ஹீட்டர் எரிவதைப் பார்த்தார், 6.3 வோல்ட்டில் ஆரஞ்சு நிறமாக எரிகிற சின்ன இழை அது, மீட்டர் வைத்து மூன்று கலருக்கும் எமிஷன், அதாவது டியூபில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று பார்த்தார், பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, நல்ல டியூபைப் போய் எடைக்குப் போடச் சொன்னாங்களா? இது இன்னும் பல வருஷம் ஓடும்" என்றார். டியூப் செத்திருந்தால் அதையும் நேராகச் சொல்லிவிடுவாராம், பார்த்ததற்குக் காசு வாங்குவதில்லை. நான் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் கொண்டுவந்த பழைய செட்டைப் பார்த்துவிட்டு, இதற்குச் செலவு பண்ணாதீங்க என்று திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

கோளாறு டியூபில் இல்லை, போர்டில்தான் இருந்தது. படம் மடிவதும் சுருங்குவதும் வெர்டிகல் பகுதியில், அதாவது படத்தை மேலிருந்து கீழே விரிக்கும் பகுதியில், கண்டன்சர் காய்ந்துபோனதால். கண்டன்சருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்று ஒரு பொதுவான கணக்கு உண்டு, நம்ம ஊர் மே மாதத்தில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும், அடைத்த பெட்டிக்குள் லாட்டுக்கு (டியூபுக்கு ஹை வோல்டேஜ் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) பக்கத்தில் நிற்கிற கண்டன்சரின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிரண்டை மட்டும் மாற்றாமல் அந்தப் பகுதியிலும் பவர் பகுதியிலும் இருந்த எல்லாக் கண்டன்சரையும் மாற்றினார், எல்லாம் 105 டிகிரி வரை சூடு தாங்கும் வகை. சிவப்பு ஏறியது டியூபின் பின்னால் இருக்கும் சின்ன போர்டில் டிரை சால்டர், அதாவது விட்டுப்போன ஈயப் பற்று இருந்ததால். லென்ஸை என் கையில் கொடுத்து, ஒரு பின்னின் காலைச் சுற்றி முடி போல ஓடியிருந்த வட்ட விரிசலைக் காட்டினார். சால்டரிங் வைத்ததும் அது பளபளவென்று மூடிக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் அவர் செட்டிங் செய்த விதம். நம்ம ஊர் டிவி நொடிக்கு 50 படம் என்ற கணக்கில் ஓடுவது, கேம் போர்டு ஏறக்குறைய 60 தரும். கோடு ஓடும் வேகம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால்தான் இந்த மெஷின்களில் சாதாரண 21 இன்ச் டிவி டியூபையே மாட்டி ஓட்ட முடிந்தது, ஆனால் ஹைட்டையும், படம் உருளாமல் நிறுத்தும் வெர்டிகல் ஹோல்டையும் கேமுக்கு ஏற்ற மாதிரி திரும்ப வைத்தாக வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் திரைக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டு, பின்பக்கம் நின்று கண்ணாடியில் படத்தைப் பார்த்துக்கொண்டே பிளாஸ்டிக் திருகியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். மூன்று கலரும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்வரை டியூப் கழுத்தில் இருக்கும் யோக் வளையங்களை மயிரிழை அளவுக்கு அசைத்துக்கொண்டே இருந்தார், எனக்கு எப்போதோ சரியாகிவிட்ட மாதிரி தெரிந்தது, அவருக்கு இல்லை. முடித்ததும் ஓரத்தில் இருக்கும் எழுத்துகூட வெள்ளையாக நின்றது. அந்தப் பொறுமைக்காகவே நான் இதை எழுதுகிறேன்.

இனி குறைகள். நேரம் ஆகும், அவசரம் என்றால் இங்கே போகாதீர்கள். நாளைக்கு வாங்க என்றால் நாளை மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், போன் பெரும்பாலும் எடுப்பதில்லை. பில் கிடையாது, கேரண்டி வாய்வார்த்தைதான், அந்த வார்த்தையை இதுவரை காப்பாற்றியிருக்கிறார்: வீட்டுக்கு வந்தபின் படம் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, திரும்பக் கொண்டுபோனபோது காசு வாங்காமல் சரிசெய்தார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். வீட்டுக்கு வந்து பார்ப்பதில்லை, இதுதான் பெரிய சிரமம், மானிட்டரைக் கழற்றிக் கொண்டுபோக வேண்டும். நானும் மச்சானும் காட்பாடியிலிருந்து காரின் பின்சீட்டில், கண்ணாடி முகம் சீட்டைப் பார்க்கிற மாதிரி வைத்து, போர்வை சுற்றிக் கொண்டுபோனோம். கழுத்தைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள், அது உடைந்தால் டியூப் அத்தோடு முடிந்தது.

எனக்கு ஆன செலவு பொருளும் கூலியும் சேர்த்து 2,200 ரூபாய். எல்இடியும் சின்ன போர்டும் மாட்டச் சொன்ன இடத்தில் கேட்டது இதைப்போல் பல மடங்கு.

கேம் போர்டு அவர் வேலை இல்லை, அதை அவரே முதலில் சொல்லிவிட்டார். அதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டேன். கேம் போர்டைப் பெட்டியோடு இணைக்கும் ஜாமா கனெக்டர் 1985-லிருந்து வரும் பொது அளவு, ஒரு பக்கத்துக்கு 28 வீதம் 56 பின், அதன் செப்புப் பல்லெல்லாம் கறுத்திருந்தது. வெள்ளை ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் சவுண்டில் இருந்த கரகரப்பு போய்விட்டது. போர்டுக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட் என்று எழுதியிருப்பதை நம்பாமல், போர்டிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள், ஒயர் பழசானால் வழியிலேயே குறைந்து வரும், ஆட்டம் நடுவில் நின்று நின்று மறுபடி ஆரம்பிப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கேப்காமின் அசல் போர்டாக இருந்தால் உள்ளே ஒரு பேட்டரி இருக்கும், அது தீர்ந்தால் சவுண்ட் பகுதியின் பூட்டுச் சாவி அழிந்து போர்டே ஓடாமல் போகும். என்னுடையது நம்ம ஊரில் புழங்கிய காப்பி போர்டு, அதில் பேட்டரியே இல்லை, அதனால் பிழைத்தது.

மரவேலை ஆசாரி செய்தார். அடிப்பலகையும் கரையான் ஏறிய பக்கமும் எடுத்துவிட்டு 18 எம்எம் மரைன் பிளை போட்டு, கரையான் மருந்து அடித்து, கறுப்பு மைக்கா ஒட்டினோம். பக்கவாட்டில் பழைய பெயின்ட் ஓவியம் மங்கலாக மிச்சம் இருந்தது, அதைத் தொடவில்லை. ஜாய்ஸ்டிக், பட்டன் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கா என்று கேட்டு வாங்குங்கள், நாலு திசையுடையது பேக்மேனுக்குச் சரி, இதற்கு ஆகாது.

பாயிடம் போவதாக இருந்தால் மானிட்டரோடு கேம் போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் கையோடு எடுத்துப் போங்கள். இல்லையென்றால் டிவி சிக்னல் வைத்து 50-க்கு செட் பண்ணிக் கொடுத்துவிடுவார், வீட்டுக்கு வந்து கேமை மாட்டினால் படம் உருளும், மறுபடி எல்லாவற்றையும் கழற்றிச் சுமக்க வேண்டும். காலையில் பதினொரு மணிக்கு முன்னால் போனால் பொறுமையாகப் பார்ப்பார், சாயங்காலம் மிக்சி, ஆம்ப்ளிஃபயர் என்று ஆட்கள் வந்துவிடுவார்கள்.