கொடைக்கானல் மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்கு நடந்துபோக வட்டக்கானல் வழியா, கும்பக்கரை வழியா?

சிரமம்: மேலே கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் என்ற பாறை முனையைத் தாண்டி இறங்கிக்கொண்டே போகலாம், மூச்சு வாங்காது, ஆனால் திரும்பி ஏறும்போது முட்டி கழன்றுவிடும். கீழே பெரியகுளம் பக்கத்து கும்பக்கரை அருவியில் அடிவாரத்திலிருந்தே ஏற்றம், வெயிலும் கூட.

செலவு: கொடைக்கானல் பக்கம் அறை வாடகை சேரும், சீசனில் கேட்கவே வேண்டாம். பெரியகுளம் மலிவு.

மழை: இரண்டும் வழுக்கும். அருவியில் வெள்ளம் வந்தால் கும்பக்கரையை மூடிவிடுவார்கள்.

மூட்டை சுமந்த குதிரை எதிரே வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம். அப்புறம், எந்த வழியில் வந்தாலும் ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், அது அங்கே வழக்கம்.

முதல் தடவை என்றால் வட்டக்கானல். நடைப் பழக்கம் இருந்து, விடியற்காலையில் கிளம்ப முடிந்தால் கும்பக்கரை. என்னைக் கேட்டால், வனத்துறையிடம் அனுமதி கேட்டுவிட்டு மேலே தொடங்கி கீழே முடிப்பேன்.