தேக்கா ஈரச்சந்தை: எங்கள் 450 வெள்ளிக் கணக்கு

வீட்டில் நான்கு பேர். மளிகை, காய்கறி, மீன் எல்லாவற்றுக்கும் மாதம் 450 சிங்கப்பூர் வெள்ளிதான் என்று கணவரும் நானும் முடிவு செய்து எட்டு மாதங்களாகின்றன. அந்தக் கணக்கு உடையாமல் காப்பாற்றுவது, காய்கறியும் மீனும் விற்கும் தேக்கா ஈரச்சந்தைதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிவிடுவேன். பஃபலோ சாலைப் பக்கமாகப் போனால் முருங்கைக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை என்று நம் சமையலுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். பேரங்காடியில் பையில் அடைத்து வைத்ததை அப்படியே எடுக்க வேண்டும்; இங்கே மூன்று கத்தரிக்காய் போதுமென்றால் மூன்றுதான். குளிர்பெட்டியில் வாடிக் குப்பைக்குப் போவது நின்றதே பெரிய மிச்சம்.

மீன் கடைகளில்தான் அதிக நேரம் நிற்பேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, நல்ல சிவப்பாக இருந்தால் மட்டுமே வாங்குவேன். வஞ்சிரம் விலை ஏறியிருந்தால் கானாங்கெளுத்தி. புளிக்குழம்புக்கு அதன் ருசியே தனி.

ஒருமுறை ஒரு கடையில் நசுங்கிய தக்காளிகளை அடியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது வயிறெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் நானே பொறுக்கியெடுக்கிறேன்.

2025 ஜனவரியில் குடும்பத்துக்குக் கிடைத்த 300 வெள்ளி சிடிசி பற்றுச்சீட்டில் (செலவுகளுக்கு உதவ அரசாங்கம் தருவது) பாதி, உணவங்காடிகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்குமானது. அந்த 150 வெள்ளியைச் சந்தையிலேயே செலவழித்தேன்.

தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு அவசியம். திங்கட்கிழமை மட்டும் மீனுக்காகப் போகாதீர்கள். பல கடைகள் மூடியிருக்கும்.